யாருன்னு சொல்லு பார்ப்போம்

மன்னார்குடியில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து, பந்திக்கு இடம் பிடிக்க ஜனம் மாடிப்படியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற நேரம். பின்னாலிருந்து ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. திரும்பினால் எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர். மயில்கண் வேட்டி, நெற்றியில் பாதி அழிந்த விபூதி, கன்னத்தில் அதக்கிய வெற்றிலை.

“என்னடா, தெரியுதா?”

தெரியவில்லை. ஆனால் இந்தக் கேள்விக்குத் ‘தெரியவில்லை’ என்று நேராகப் பதில் சொன்ன ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. “தெரியாம என்ன மாமா” என்றேன். மாமா பத்திரமான சொல். சித்தப்பா என்றால் எந்தப் பங்காளி என்ற விவகாரம் கிளம்பும். அண்ணே என்றால் வயது இடிக்கும். மாமாவுக்குள் பாதி ஜில்லா அடங்கிவிடும்.

“அப்போ யாருன்னு சொல்லு பார்ப்போம்.”

மாட்டிக்கொண்டேன். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். கையை விடவில்லை. துப்பு கொடுக்க ஆரம்பித்தார். “உங்க வீட்டுக் கொல்லைல கிணத்தடி நெல்லி மரம் இருக்கே, அதுல ஏறி விழுந்து கையை ஒடிச்சுக்கிட்டது யாரு? உனக்குக் காது குத்தறப்ப உன்னை மடில பிடிச்சு உக்காத்தி வெச்சது யாரு?” காது குத்தும்போது நான் கண்ணைத் திறந்திருந்தால் அல்லவா தெரியும்! நெல்லி மரமும் நினைவில் இல்லை. நான் பிறப்பதற்கு முன்பே வெட்டியிருப்பார்கள் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

வரிசை நகரவே இல்லை. அந்த நேரத்தில்தான் இந்த யோசனை வந்தது. இதை ஏன் இன்னும் எந்தச் சேனலும் ரியாலிட்டி ஷோவாக எடுக்கவில்லை? செட் போடும் செலவு கிடையாது, கல்யாண மண்டபம் போதும். போட்டியாளர்களுக்கு முகமூடி வேண்டாம். நரை, வழுக்கை, தொந்தி, பல்செட் என்று காலமே வேஷம் கட்டி அனுப்பியிருக்கிறது. நடுவர் நாற்காலியில் மூன்று பேர்: பெங்களூரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை, போனை விட்டுத் தலை நிமிராத பதினொன்றாம் வகுப்புப் பையன், நான். எல்லாரையும் நாலு தலைமுறை வேரோடு தெரிந்து வைத்திருக்கும் ஓர் அத்தையை ‘லைஃப்லைன்’ ஆக உட்கார வைக்கலாம். ஆனால் அவளைக் கூப்பிட்டால் விடையோடு அந்தக் குடும்பத்தின் நிலத்தகராறையும் சேர்த்துக் கேட்டாக வேண்டும். சரியாகச் சொன்னால் இரண்டு தாம்பூலப் பை. தவறினால், “பெரிய மனுஷன் ஆயிட்டான், நம்மையெல்லாம் எங்க ஞாபகம் இருக்கும்” என்ற வசனம், குளோசப்பில்.

கடைசிச் சுற்றுக்கு இன்னும் ஒரு கிறுக்கு யோசனை. போட்டியாளருக்கே தான் யாரென்று தெரியக் கூடாது. நடுவர்கள் கேட்கக் கேட்க, அவரும் கூடவே ஊகித்துக்கொண்டு போக வேண்டும். காசு போட ஒரு தயாரிப்பாளரும் வர மாட்டார் என்பது வேறு விஷயம்.

அமெரிக்காக்காரர்கள் இந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காசாக்கி எழுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சி.பி.எஸ். சேனலில் 1950 பிப்ரவரியில் தொடங்கி 1967 வரை ஓடிய ‘வாட்ஸ் மை லைன்?’ நிகழ்ச்சியின் கறுப்பு வெள்ளைத் துண்டுகள் யூடியூபில் கிடைக்கின்றன. தூக்கம் வராத இரவுகளில் அவற்றைப் பார்ப்பது எனக்கு ஒரு கெட்ட பழக்கம். முன்பின் தெரியாத ஒருவர் வந்து பலகையில் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்காருவார். அவர் என்ன தொழில் செய்கிறார் என்பதை, ஆமாம்-இல்லை என்று பதில் வரும் கேள்விகளை மட்டும் கேட்டு நான்கு பேர் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வோர் ‘இல்லை’க்கும் வந்தவருக்கு 5 டாலர். பத்து ‘இல்லை’ சேர்ந்தால் 50 டாலர், ஆட்டம் முடிந்தது. கடைசியில் பிரபலம் ஒருவர் வருவார். அப்போது மட்டும் நால்வரும் கண்ணைக் கட்டிக்கொள்வார்கள். கோட்டும் டையும் கட்டிய ஆண்கள், விருந்துக்குப் போகும் கவுன் உடுத்திய பெண்கள், எல்லார் கண்ணிலும் கறுப்புக் கட்டு. வந்தவர் கீச்சுக் குரலில் பதில் சொல்வார். அத்தனை நாகரிகமாக உடுத்திக்கொண்டு ஆடும் கண்ணாமூச்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதில் 1957 ஜனவரியில் வந்தவர் ஓவியர் சால்வடார் டாலி. எதைக் கேட்டாலும் ஆமாம் என்கிறார். மேடைக் கலைஞரா? ஆமாம். எழுத்தாளரா? ஆமாம். விளையாட்டோடு சம்பந்தம் உண்டா? அதற்கும் ஆமாம். நடத்துநர் ஜான் டேலி குறுக்கே புகுந்து, இந்த ஆமாமை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று திரும்பத் திரும்ப விளக்க வேண்டியதாகிவிட்டது. டாலி பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. தான் எல்லாமும்தான் என்று அவர் நிஜமாகவே நம்பியிருப்பார். ஆனால் ஓர் உபாயமாகப் பார்த்தால் அது பிரமாதம். கல்யாண மண்டபத்தில் நான் செய்துகொண்டிருந்ததும் அதேதான். “நீச்சல் கத்துக் குடுத்தது ஞாபகம் இருக்கா?” “இருக்கு மாமா.” “குளத்துல முழுகப் போனியே?” “ஆமா மாமா.” எனக்கு இன்றுவரை நீந்தத் தெரியாது.

அதே சேனலில் ஓடிய இன்னொரு நிகழ்ச்சி ‘ஐ’வ் காட் எ சீக்ரெட்’. 1956 பிப்ரவரியில் அதில் 95 வயதுக் கிழவர் ஒருவர் வந்தார். பெயர் சாமுவேல் சீமோர். கண் ஒன்று வீங்கியிருந்தது; தங்கியிருந்த ஓட்டலில் விழுந்துவிட்டாராம். அவர் முகத்தை யாருக்கும் தெரியாது, தெரியவேண்டிய அவசியமும் இல்லை. அவருடைய ரகசியம் அவர் பார்த்த ஒரு காட்சி. 1865 ஏப்ரலில் வாஷிங்டனில் ஃபோர்ட் தியேட்டரில் ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்ட இரவில், ஐந்து வயதுப் பையனாக அவர் அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தார். லிங்கன் சுடப்பட்டதே அவருக்குப் புரியவில்லை. மாடத்திலிருந்து ஓர் ஆள் மேடைக்கு விழுந்தது மட்டும் தெரிந்தது. ஐயோ, அந்த ஆளுக்கு அடிபட்டுவிட்டதே என்றுதான் கவலைப்பட்டிருக்கிறார். விழுந்தவன்தான் சுட்டவன், ஜான் வில்க்ஸ் பூத். நிகழ்ச்சி முடிந்து இரண்டு மாதத்தில் சீமோர் இறந்துபோனார். சிகரெட் கம்பெனி விளம்பரத்துக்காகக் காசு போட்ட நிகழ்ச்சி அது. கிழவர் பைப் பிடிப்பவர் என்பதால் சிகரெட்டுக்குப் பதில் ஒரு டப்பா புகையிலை கொடுத்து அனுப்பினார்கள். உலகத்திலேயே அந்த இரவைக் கண்ணால் பார்த்த கடைசி மனிதருக்கு ஒரு டப்பா புகையிலை! நம் தாம்பூலப் பை தேவலாம்.

இப்போதைய காலத்து முகமூடிக்கு வருகிறேன். தென்கொரியாவில் எம்.பி.சி. சேனல் 2015-ல் ஆரம்பித்த பாட்டுப் போட்டியில் பாடகர்கள் முகமூடி போட்டுக்கொண்டு பாடுகிறார்கள். தோற்றவர் மேடையிலேயே முகமூடியைக் கழற்ற வேண்டும். முகத்தையும் புகழையும் மறைத்துவிட்டுக் குரலை மட்டும் கேளுங்கள் என்ற எண்ணம் அதில் இருந்தது. அழகழகாக ஆடிக்கொண்டிருந்த ஒருவர் முகமூடியைக் கழற்றினால், ‘இவருக்கு இப்படிப் பாட வருமா’ என்று சபையே வாயைப் பிளக்கும். ஹாலிவுட் நடிகர் ரயன் ரெனால்ட்ஸ் 2018-ல் படத்துக்கு விளம்பரம் செய்ய சியோல் வந்தபோது, ஒற்றைக் கொம்புக் குதிரை முகமூடி மாட்டிக்கொண்டு அங்கே பாடிவிட்டுப் போனார். தாய்லாந்து 2016-ல் இதை வாங்கியது. 2019 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் சேனலுக்குப் போனதும் குரல் பின்னால் போய் வேஷம் முன்னால் வந்துவிட்டது. முதல் சீசனில் ஒற்றைக் கண் பூதமாக வந்து ஜெயித்தவர் டி-பெயின், தன் குரலைக் கருவி வைத்து மாற்றிப் பாடுவதற்காகவே பெயர் பெற்றவர். அவருடைய சொந்தக் குரல் இப்படி இருக்கும் என்று பலருக்கும் அப்போதுதான் தெரிந்தது. அது ஒன்று மட்டும் எனக்குப் பிடித்தது. மற்றபடி, 2008 தேர்தலில் துணை ஜனாதிபதி பதவிக்கு நின்ற சாரா பேலின் ரோஸ் நிறக் கரடியாக வந்து ராப் பாட்டுப் பாடியதை நான் கனவில் கண்டிருந்தால், மறுநாளே டாக்டரிடம் போயிருப்பேன்.

நடுவர்கள் சொல்லும் பெயர்கள் இன்னும் வேடிக்கை. உலகத்தில் உள்ள அத்தனை நட்சத்திரங்களையும் கூசாமல் அடுக்குவார்கள். நம் சினிமாவில் எம்.ஜி.ஆர். கன்னத்தில் ஒரு மருவை ஒட்டிக்கொண்டு வந்தால் நம்பியார் கோஷ்டிக்கு அடையாளம் தெரியாது. கொட்டகையில் உள்ள கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்தத் தெரியாமைதான் இங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. சிறு பிள்ளை திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்து நிற்கும், கால் இரண்டும் வெளியே தெரியும். நாம் “குட்டியைக் காணோமே, எங்கே போச்சு?” என்று வீடெல்லாம் தேடுவோம். அது உள்ளே சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கும். தேடாமல் விட்டுவிட்டால் அழுதுகொண்டு தானே வெளியே வரும். டிவியில் கரடித் தோலுக்குள் வேர்த்து நிற்பவருக்கும் அந்தப் பயம் இருக்கும் என்றே நினைக்கிறேன். கழற்றிக் காட்டிய பிறகும் ‘இவர் யார்?’ என்று சபை விழித்தால் என்ன செய்வது?

நிஜமாகவே கண்டுபிடிக்கப்படக் கூடாது என்று ஆடிய ஆட்டம் ஒன்றை மட்டுமே நான் அறிவேன். விராட ராஜாவின் ஊரில் பாண்டவர்கள் கழித்த பதின்மூன்றாம் வருஷம். அடையாளம் தெரிந்தால் மறுபடியும் பன்னிரண்டு வருஷம் காடு. ஆயுதங்களை வன்னி மரத்தில் ஒளித்துவிட்டு, தருமன் சூதாட்டத் துணைவனாக, பீமன் சமையற்காரனாக, அர்ஜுனன் நாட்டியம் சொல்லித்தரும் பிருகன்னளையாக, திரௌபதி ராணிக்குத் தலைவாரும் சைரந்திரியாக. கீசகன் சபையில் அவளை எட்டி உதைத்தபோதும் தருமன் கங்கபட்டராகவே உட்கார்ந்திருந்தான். எத்தனை கூத்தில் பார்த்தாலும் அந்த இடம் எனக்குப் பொறுக்காது. அஸ்தினாபுரத்தில் நடுவர்கள் ஊகம் சொல்கிறார்கள். ஒற்றர்கள் கைவிரித்துவிட்டார்கள். பீஷ்மர் சொல்லும் துப்புதான் அழகு: தருமன் இருக்கும் நாட்டில் மழை தவறாது, விளைச்சல் பொய்க்காது, அப்படி ஒரு நாட்டைத் தேடுங்கள். மழை பொய்த்தால் ஊரில் விராட பருவம் படிக்கச் சொல்வதற்கும் இதுதான் காரணம் போலிருக்கிறது. வேஷம் கட்டினாலும் கூடவே வரும் மழையை எங்கே ஒளிப்பது?

வரிசை ஒருவழியாக நகர்ந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தோம். மாமா என் பக்கத்தில். உப்பு, பச்சடி, வாழைக்காய் வறுவல் என்று வந்தபடி இருந்தன. தன் இலை வடையை எடுத்து என் இலையில் வைத்தார். “உனக்குத்தான் பிடிக்குமே.” ஆமாம் மாமா.

சாம்பாருக்குக் குழி பண்ணிக்கொண்டே கேட்டார். “அப்பாவுக்குக் காது இப்ப எப்படி இருக்கு? மெஷின் வாங்கிக் குடுத்தியே, போட்டுக்கறாரா?”

என் அப்பா போய் ஒன்பது வருஷம். அடுத்த தெருவில் அடக்கிப் பேசினாலும் அவருக்குக் கேட்கும், கடைசி வாரம் வரை. அப்போதுதான் உறைத்தது. எங்கள் வீட்டில் என்றைக்குமே கிணறு கிடையாது. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். நெல்லி மரம் வெட்டப்படவும் இல்லை. அது வேறு யாரோ ஒருவனுடைய கொல்லையில் இன்னும் நின்றுகொண்டிருந்தது. அந்த வேறு யாரோவாக, அவன் பெயர்கூடத் தெரியாமல், அவனுக்குப் பிடித்த வடையைத் தின்றுகொண்டு நான் உட்கார்ந்திருந்தேன்.

சொல்லியிருக்கலாம். ஆனால் ரசம் வருவதற்கு முன் எழுந்து நான் அவனில்லை என்பதா? அவருடைய இடது கை என் முழங்கால்மேல் இருந்தது.

“போட்டுக்கறார் மாமா. ராத்திரி மட்டும் கழட்டி வெச்சுடுவார்.”

“பிடிவாதக்காரன்” என்று சிரித்தார். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் திருவாரூர் ஆழித்தேர் பார்க்கப் போனதையும், வழியில் டயர் வெடித்துத் தள்ளிக்கொண்டே போய்ச் சேர்ந்தபோது தேர் நிலைக்கு வந்துவிட்டதையும் சொன்னார். பாயசம் வந்து, மோர் வந்து, இலை மடித்தும் கதை முடியவில்லை. கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டபடியே மீதியைச் சொன்னார்.

வாசலில் அவரை ஏற்றிப்போக வேன் நின்றது. யாரோ “ஐயா, வாங்க, நேரமாச்சு” என்று கூப்பிட்டார்கள். அவர் மறுபடி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“அப்பாகிட்ட நான் விசாரிச்சேன்னு சொல்லு.”

யார் விசாரித்ததாகச் சொல்ல என்று கேட்க முடியாது. முதல் கேள்விக்கே தெரியும் என்று சொல்லித் தொலைத்திருந்தேன்.

“சொல்றேன் மாமா” என்றேன்.