கடைசியாகக் குளிப்பவரைக் கேளுங்கள்

கீசரில் வெந்நீர் பற்றவில்லை என்ற பேச்சு மார்கழியில்தான் வீடுகளில் பலமாக எழும். உடனே மெக்கானிக்குக்கு போன் போடுகிறோம். மின்வேலையிலேயே தலை நரைத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: முதலில் விசாரிக்க வேண்டியது அந்த வீட்டில் கடைசியாகக் குளிப்பவரை. பெரும்பாலும் அது அம்மாவாக இருக்கும், இல்லையென்றால் மருமகள். எல்லோரையும் பள்ளிக்கும் வேலைக்கும் அனுப்பிவிட்டுக் குளிக்கப் போகிறவர். சூடு குறைய ஆரம்பித்ததை அவர் உடம்பு என்றைக்கோ அறிந்திருக்கும்.

அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். எப்போதிலிருந்து இப்படி?

"வாங்கின நாள் முதலே" என்றாலோ, ஷவர் வந்ததிலிருந்து, ஆள் கூடியதிலிருந்து என்றாலோ கீசரில் பழுது இருக்க வாய்ப்புக் குறைவு. நம் வீடுகளில் பரவலாக இருப்பது 15 லிட்டர் தொட்டியும் 2000 வாட் காயிலும். 25 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர அதற்குச் சுமார் 18 நிமிடம் வேண்டும். அதை 40 டிகிரிக்கு விளாவினால் கணக்குப்படி 35 லிட்டர், ஏறக்குறைய இரண்டு வாளி. எடுக்க எடுக்கப் பச்சைத் தண்ணீர் கீழே வந்து சேருவதால் அதுவும் முழுதாகக் கிடைக்காது. வாளியில் மொண்டு குளித்தவரை இரண்டு பேருக்குப் போதுமாக இருந்தது. பிறகு ஷவர் வந்தது. நிமிடத்துக்கு 10 லிட்டர் கொட்டுகிற ஷவருக்கு 35 லிட்டர் நாலு நிமிடம்கூட வராது. பிள்ளைகள் வளர்ந்தார்கள், வீட்டில் ஆள் கூடியது, கீசர் மட்டும் அதே அளவில் நிற்கிறது. அதைக் குறை சொல்லி என்ன பயன்? ஒருவர் குளித்தபின் கால் மணி நேரம் இடைவெளி விட வேண்டும், அல்லது 25 லிட்டருக்கு மாற வேண்டும்.

குழாயை மாற்றி மாட்டியிருந்தாலும் முதல் நாளிலிருந்தே இந்தத் தொல்லை இருக்கும். நீல வளையம் பச்சைத் தண்ணீர் உள்ளே போக, சிவப்பு வெந்நீர் வெளியே வர. இரண்டும் இடம் மாறினால் மேலே நிற்கும் சூடான நீரை விட்டுவிட்டு அடித் தண்ணீரே வெளியே வரும்.

"கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது" என்று பதில் வந்தால் போர் தண்ணீரைச் சந்தேகியுங்கள். தெரிந்தவர் வீட்டில் ஒருமுறை கீசரைக் கழற்றினோம். காயில் எது, தெர்மோஸ்டாட் குழல் எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டையும் சேர்த்து வெள்ளை உப்பு சுண்ணாம்புக் கட்டி மாதிரி இறுகியிருந்தது. தட்டத் தட்ட வாளிக்குள் பாளம் பாளமாக விழுந்தது. உப்புக்குள் சிக்கிய சூடு தெர்மோஸ்டாட்டை முன்னதாகவே அணைத்துவிடும். விளக்கு அணைந்ததும் தண்ணீர் தயார் என்று நாம் நினைப்போம், வருவதோ வெதுவெதுப்பு. நாங்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த வீட்டுப் பெரியம்மா மெதுவாகச் சொன்னார்: "ஒரு வருஷமா இப்படித்தாம்ப்பா வருது. எனக்கு அது போதும்னு விட்டுட்டேன்." மகன் தலை நிமிராமல் நின்றார். அவர் முதலில் குளிக்கும்போது தண்ணீர் சூடாகத்தானே இருந்தது!

உப்புத் தண்ணீர் உள்ள ஊர்களில் வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்வது நல்லது. தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தானே கரைந்துபோகும் மெக்னீசியத் தண்டு ஒன்று உள்ளே உண்டு. அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

"திடீரென்று" என்றால் காயில், தெர்மோஸ்டாட், கட்-அவுட் இவற்றில் ஒன்று போயிருக்கும். மூடியைத் திறப்பது பழகிய எலெக்ட்ரீஷியன் வேலை. சுவிட்சை மட்டும் நம்பாமல் எம்.சி.பி.யையும் இறக்கி வையுங்கள், எர்த் சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். பழுதே இல்லாவிட்டாலும், மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 180க்கு இறங்கினாலே சூடாக்கும் சக்தி ஏறக்குறைய 60 சதவீதமாகிவிடும், 18 நிமிட வேலை அரை மணி ஆகும். இன்னொன்றை நீங்களே பார்க்கலாம். கீசருக்குள் போகும் தண்ணீரை அடைத்துவிட்டு வெந்நீர்க் குழாயை மட்டும் திறங்கள். கொஞ்ச நேரத்தில் நிற்க வேண்டும். நிற்காமல் வந்தால் மிக்ஸர் வழியே பச்சைத் தண்ணீர் வெந்நீரில் கலக்கிறது. கை ஷவரின் தலையில் மட்டும் அடைத்துவிட்டு, பின்னால் இரண்டு குழாயையும் திறந்தே வைக்கும் வீடுகளில் இது சகஜம்.

வெந்நீர் மட்டுமில்லை, வீட்டில் எது குறைந்தாலும் கடைசியில் நிற்பவருக்குத்தான் முதலில் தெரியும். குழம்பு பற்றாததும் கடைசிப் பந்திக்குத்தானே தெரிகிறது! அவர் பொறுத்துப் போகிறார் என்பதால் குறை இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம். இந்தப் பொறுமையைப் பெருமையாகப் பேசி வளர்ந்த தலைமுறை எங்களுடையது. அது போதும் என்று நினைக்கிறேன்.

நாளைக் காலை வரிசையை மாற்றிப் பாருங்கள். அவரை முதலில் குளிக்க அனுப்பிவிட்டு நீங்கள் கடைசியாகப் போங்கள். எத்தனையாவது குவளையில் தண்ணீர் ஆறுகிறது என்று தெரிந்துகொண்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.