"அக்கா, எனக்கு சான்ஸ் இருக்கா?"

போன ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தெரியாத எண்ணிலிருந்து ஃபோன். "அக்கா, எனக்கு எம்பிபிஎஸ் கிடைக்க சான்ஸ் இருக்கா?" வணக்கம் சொன்ன கையோடு கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அவளுக்கு 24 வயது. ஜி.என்.எம். நர்சிங் முடித்துவிட்டு ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறாள். அப்பா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். எங்கள் ஊர் இரவுப் பள்ளிக்கு வரும் தம்பி ஒருவன் என் எண்ணைக் கொடுத்திருக்கிறான். இன்னும் அதே வேலையில் இருப்பதால் அவள் பெயரை இங்கே எழுதவில்லை.

நான் மூன்று முறை நீட் எழுதி மூன்று முறையும் சீட் கிடைக்காதவள். என்னிடம் போய் இதைக் கேட்கிறாளே என்று முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு தோன்றியது, எங்கே கணக்குத் தவறும் என்பதைத் தவறவிட்டவளால்தான் சொல்ல முடியும் என்று. அவளிடம் சொன்னதை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இன்னும் பல தம்பி, தங்கைகள் இருப்பீர்கள்.

என் கதையிலிருந்து தொடங்குகிறேன். நான் லேப் டெக்னீஷியன். காலை ஆறு மணிக்கு வார்டு வார்டாகப் போய் ரத்தம் எடுப்பதுதான் வேலை. 2022 மார்ச்சில் நீட் எழுத உச்ச வயது வரம்பு இல்லை என்று தேசிய மருத்துவ ஆணையம் அறிவித்தது. அதற்கு முன் பொதுப் பிரிவினருக்கு 25, நமக்கு 30 என்று இருந்த வரம்பு நீதிமன்றங்களில் இழுபறியாகக் கிடந்தது. எனக்கு அப்போது 27. செய்தியைப் படித்த அன்றே எழுதுவது என்று முடிவு செய்தேன்.

வேலை செய்த இடத்தில் ஒரு சீனியர் சொன்னார்: "உங்களுக்கு என்னம்மா, கோட்டா இருக்கு. எழுதினாலே சீட்டுதான்." வீட்டுக்கு வந்தால் பெரியம்மா சொன்னார்: "இருபத்தேழு வயசுப் பொண்ணுக்கு எவன் சீட்டு குடுப்பான்? நம்ம ஆளுங்களுக்கு அதெல்லாம் நடக்குமா?" ஒருவர் சுலபம் என்றார், இன்னொருவர் நடக்காது என்றார். இரண்டு பேருமே எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை. நானும் எண்ணிப் பார்க்கவில்லை என்பதுதான் கொடுமை.

அந்த வருடம் 720க்கு 131 வாங்கினேன். எஸ்.சி. பிரிவுக்குத் தகுதி மதிப்பெண் 93. "பாஸ்" என்று ஆன்லைனில் பார்த்ததும் அப்பா கொத்து வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தார். மறுநாள் காலை தெருமுனையில் ஃப்ளெக்ஸ். மேலே அண்ணல் படம், கீழே என் படம், "வருங்கால மருத்துவர்" என்று எழுத்து. எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு வைத்த முதல் ஃப்ளெக்ஸ் அது.

நான்காவது நாள் ஒரு புரோக்கர் ஃபோன் செய்தார். வெளிமாநிலத்தில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் இடம் இருக்கிறது, நீங்கள் குவாலிஃபைடு, முதலில் மூன்று லட்சம் அட்வான்ஸ் கட்டினால் போதும் என்றார். எங்களுக்கு இருப்பது 60 சென்ட் நிலம். அப்பா அன்று இரவே பட்டாவை எடுத்து வைத்துவிட்டார்.

நிலத்தைக் காப்பாற்றியவர் ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்த ஒரு தோழர். ஃப்ளெக்ஸைப் பார்த்து வாழ்த்துச் சொல்ல வந்தவரிடம் அப்பா யோசனை கேட்டார். அவர் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "போன வருஷம் நம்ம லிஸ்ட்ல கவர்ன்மென்ட் காலேஜ்ல கடைசி சீட் எந்த மார்க்குக்குப் போச்சு?" எனக்குத் தெரியவில்லை. தேர்வுக்குழு இணையத்தில் போட்டிருந்த ஒதுக்கீட்டுப் பட்டியலை ஃபோனில் திறந்து காட்டினார். தகுதி மதிப்பெண்ணைப் போல் மூன்று மடங்குக்கும் மேலே இருந்தது அந்தக் கடைசி மார்க்.

அன்றுதான் எனக்குப் புரிந்தது. எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி. பிரிவுகளுக்குத் தகுதி என்பது 40ஆவது பெர்சன்டைல். எழுதியவர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் நமக்குக் கீழே இருக்கிறார்கள் என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். மேலே அறுபது பேர் நிற்கிறார்கள். அது வரிசையில் நிற்க அனுமதிச் சீட்டு, அவ்வளவுதான். அந்த அனுமதிச் சீட்டை டாக்டர் சீட்டு என்று காட்டித்தான் வருடா வருடம் நம் ஆட்களிடம் நிலமும் நகையும் பறிபோகின்றன. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் கிடையாது. புரோக்கர் இதைச் சொல்ல மாட்டார்.

தோழர் ஒரு நோட்டில் கோடு போட்டு நான்கு கட்டம் வரைந்தார். எந்தெந்தப் பட்டியலில் நீ நிற்கிறாய்? அந்தப் பட்டியல் போன வருடம் எந்த ரேங்க்கில் முடிந்தது? இன்று உன் நிலை என்ன? எத்தனை வருடம் உன் வீடு தாங்கும்? நான் அதற்குப் பிறகு பார்த்த எல்லா ஆலோசனைகளையும்விட அந்த நான்கு கட்டம்தான் உருப்படியானது.

முதல் கட்டத்திலேயே நம்மில் பலர் தவறுகிறோம். அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும். மீதி 85 சதவீதம் மாநிலத்துக்கு. அதில் 69 சதவீத இடஒதுக்கீடு. எஸ்.சி.க்கு 15, அருந்ததியருக்கு உள் ஒதுக்கீடாக 3, எஸ்.டி.க்கு 1. "நூற்றில் பதினைந்துதானே நமக்கு" என்று நினைக்காதீர்கள். மீதமுள்ள 31 சதவீதம் பொதுப்போட்டி. அது எந்தச் சாதிக்கும் எழுதி வைத்ததில்லை. மார்க் இருந்தால் நாம் முதலில் அங்கேதான் போவோம், எஸ்.சி. இடம் ஒன்று அடுத்தவருக்கு மிஞ்சும். அருந்ததியர் மாணவர்கள் 3 சதவீத இடங்கள் நிரம்பிய பிறகும் மற்ற எஸ்.சி. இடங்களுக்குப் போட்டியிடலாம். 2009ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இது இருக்கிறது. அகில இந்திய ஒதுக்கீட்டில் எஸ்.சி.க்கு 15 சதவீதம், எஸ்.டி.க்கு 7.5. ஜிப்மர், எய்ம்ஸ் இடங்களும் அந்தக் கலந்தாய்வில்தான் வரும். அதற்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். மாநிலத்துக்குப் போட்டாச்சு, போதும் என்று விட்டவர்களை எனக்குத் தெரியும்.

பிறகு 7.5 சதவீதம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 சட்டத்தின்படி கிடைக்கும் உள் ஒதுக்கீடு. அதற்குள்ளும் 69 சதவீத முறை உண்டு. சேர்ந்தால் கட்டணத்தை அரசே கட்டும். இங்கேதான் நான் அடிபட்டேன். ஆறிலிருந்து எட்டு வரை நான் படித்தது அரசு உதவி பெறும் மிஷன் பள்ளி. "சிஸ்டர்ங்க ஸ்கூல்ல என் பொண்ணு படிக்குது" என்று பெருமைப்பட்டு அப்பா சேர்த்த பள்ளி. உதவி பெறும் பள்ளி 7.5க்குள் வராது. அந்த மூன்று வருடத்தால் எனக்கு ஒரு பட்டியலே இல்லாமல் போனது. அப்பாவிடம் இதை நான் இன்றுவரை சொல்லவில்லை. இந்த வரியை அவர் படிக்க மாட்டார்.

இரண்டாவது கட்டத்தில் என் தவறு வேறு. 2023இல் நைட் டியூட்டி பார்த்துக்கொண்டே படித்து 318 எடுத்தேன். 2024இல் 421. ஒரே வருடத்தில் 103 மார்க் ஏறியிருக்கிறது, போன வருடக் கடைசி மார்க்குக்குக் கிட்டே வந்துவிட்டேன் என்று துள்ளினேன். ரேங்க்கைப் பார்த்தால் பெரிதாக நகரவே இல்லை. அந்த வருடம் எல்லோருக்கும் மார்க் கொட்டியிருந்தது. திருத்திய முடிவிலும் 17 பேர் 720க்கு 720. அடுத்த வருடமே தாள் கடினம், 2025இல் இந்தியாவிலேயே முதல் மார்க் 686தான். ஆகவே போன வருட மார்க்கை வைத்து இந்த வருடத்தைக் கணக்கிடாதீர்கள். ரேங்க்கை ரேங்க்கோடு ஒப்பிடுங்கள்.

நான்காவது கட்டத்தில் "மூன்று முறை" என்று முதலிலேயே எழுதியிருந்தேன். தம்பி பாலிடெக்னிக் முடிக்க வேண்டும், அம்மாவுக்கு முட்டி வலி, என் சம்பளம் வீட்டுக்கு வேண்டும். 421 வந்த அன்று இன்னும் ஒரு தடவை என்று மனசு அடித்துக்கொண்டது. நோட்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்தில்தான் 3 என்று இருந்தது. நிறுத்திவிட்டேன். இரண்டு நாள் அழுதேன், மூன்றாம் நாள் ஆறு மணிக்கு வார்டுக்குப் போனேன். நிலம் அப்படியே இருக்கிறது.

இனி ஃபோன் செய்த தங்கைக்கு வருகிறேன். நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி, எந்தப் பள்ளியில் படித்தாய் என்பது. ஆதிதிராவிடர் நலப் பள்ளி, ஆறு முதல் பன்னிரண்டு வரை, சயின்ஸ் குரூப். சாதிச் சான்றிதழில் என்ன இருக்கிறது? அருந்ததியர். சொல்லும்போது குரலைத் தாழ்த்தினாள். "சத்தமாச் சொல்லும்மா, உன் கணக்கே அங்கதான் ஆரம்பிக்குது" என்றேன். 7.5 சதவீதப் பட்டியலில் அவள் இருக்கிறாள். ஆதிதிராவிடர் நலப் பள்ளியும் அதில் சேரும், பள்ளியை விட்டு வந்து ஏழு வருடம் ஆகியிருந்தாலும் சேரும். அருந்ததியர் உள் ஒதுக்கீட்டில் இருக்கிறாள், எஸ்.சி. பட்டியலில் இருக்கிறாள், பொதுப்போட்டியிலும் அகில இந்தியாவிலும் இருக்கிறாள். நான் நின்றதைவிட இரண்டு வரிசை கூடுதல். நர்சிங் சேர்ந்த நாள் முதல் இதை அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

அவள் எழுதிப் பார்த்த இரண்டு மாதிரித் தேர்வுகளிலும் 290ஐ ஒட்டி வந்திருக்கிறது. பயாலஜி நன்றாகப் போகிறது, ஃபிசிக்ஸில் மைனஸ் விழுகிறது. "வேலையை விட்டுடட்டுமா அக்கா?" என்றாள். இப்போதே விடாதே என்றேன். டிசம்பர் வரை மாதம் இரண்டு முழுத் தேர்வு எழுது. 7.5 பட்டியலின் கடைசி ரேங்க்கை நோக்கி நகர்கிறாயா என்று பார். நகர்ந்தால் ஜனவரியில் விடு, மே வரை நான்கு மாதம் வீடு தாங்குமா என்று அப்பாவோடு உட்கார்ந்து பேசு. நகரவில்லை என்றால் வேலையும் கையில் இருக்கும். எத்தனை முறை எழுதுவாய் என்பதை இன்றே எழுதி வை. ரிசல்ட் வந்த அன்று முடிவு செய்யாதே.

வயசு பற்றியும் கேட்டாள். 2022 ஜனவரியில் தருமபுரியிலிருந்து 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கலந்தாய்வுக்கே வந்தார் என்றதும் சிரித்துவிட்டாள். நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கையின்படி, 2020-21இல் தமிழ்நாட்டில் மருத்துவம் சேர்ந்தவர்களில் 71 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் மறுபடி எழுதியவர்கள். நீட் வருவதற்கு முன் அது 12 சதவீதம்தான். பன்னிரண்டு முடித்த கையோடு சேருகிறவர்தான் இப்போது குறைவு. இரண்டு, மூன்று வருடம் கோச்சிங் கட்டணம் கட்ட வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் காத்திருந்து எழுதுகிறார்கள். அவர்களை யாரும் வயசாச்சு என்று சொல்வதில்லை.

இந்த இடத்தில் சில தோழர்கள் கோபப்படுவார்கள். நீட்டை எதிர்க்க வேண்டிய நாம் நீட்டில் எப்படி ஜெயிப்பது என்று வகுப்பு எடுக்கலாமா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். 1200க்கு 1176 எடுத்த அனிதாவை 2017இல் இழந்த மண் இது. சட்டமன்றம் இரண்டு முறை நிறைவேற்றிய விலக்கு மசோதாவுக்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. தெருவில் நிற்பதை நான் நிறுத்தவில்லை, நிறுத்தவும் மாட்டேன். ஆனால் சட்டம் மாறும்வரை அந்த நர்ஸ் தங்கையைக் காத்திருக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவளுக்கென்று போராடி வாங்கிய 3 சதவீதமும் 7.5 சதவீதமும் இருக்கும்போது, அது இருப்பதே தெரியாமல் அவள் வீட்டில் உட்கார்ந்தால் அதுவும் நம் தோல்விதான்.

வாய்ப்பு இருக்கா இல்லையா என்று இன்னொருவர் வாயால் கேட்காதீர்கள். நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள். நாம் எண்ணாவிட்டால் நம்மை இளக்காரமாகப் பார்ப்பவர் எண்ணுவார், இல்லை புரோக்கர் எண்ணுவார்.

போன வாரம் அந்தத் தங்கை வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். பழைய பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரிடம் வாங்கிய சான்று. ஆறு முதல் பன்னிரண்டு வரை, வகுப்பு வாரியாக, முத்திரையோடு. கீழே ஒரு வரி: "அக்கா, ஃபர்ஸ்ட் கட்டம் முடிச்சிட்டேன்."

ஜெய் பீம்.