வெயிலின் அளவுகோல்

வெயிலைப் பற்றித் தமிழில் நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. வெயில் இரும்பை என்ன செய்கிறது என்பதைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசியதில்லை. நம் ஊர்க் கொல்லர்கள் அதை ஏட்டில் படித்தவர்களல்லர், கையால் அறிந்தவர்கள். மரச்சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றே சிறியதாக இரும்புப் பட்டையை வளைத்து, வறட்டித் தீயில் பழுக்கக் காய்ச்சி, விரிந்திருக்கும்போதே சக்கரத்தில் ஏற்றித் தண்ணீர் ஊற்றுவார்கள். சுருங்கும் இரும்பு மரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். விழுப்புரம் சந்திப்பில் நின்று பார்க்கும் தண்டவாளத்துக்கும் இதே இயல்புதான். 13 மீட்டர் நீளத் தண்டவாளம், வெப்பம் 30 டிகிரி கூடினால் ஏறத்தாழ 4.5 மில்லிமீட்டர் நீளும். பழைய ரயில்களின் தடக் தடக் ஓசை, அந்த நீட்சிக்காக விடப்பட்ட இடைவெளிகளின் ஓசையே.

காரின் எஞ்சினுக்குள் இதே கணக்கு இன்னும் நுணுக்கமானது. அம்பாசடர் காலத்து மெக்கானிக்குகள் பாயிண்டையும் டேப்பெட்டையும் ஃபில்லர் கேஜ் வைத்துச் சரிசெய்தபோது, எஞ்சின் சூடாக இருக்கிறதா ஆறியிருக்கிறதா என்பதை முதலில் கேட்டார்கள். 2000ஆம் ஆண்டையொட்டி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் கார்புரேட்டர் கார்கள் மெல்ல விடைபெற்றன; எரிபொருளைக் கணினி அளந்து ஊட்டும் கார்கள் பெருகின. பாயிண்ட் இருந்த இடத்துக்குச் சென்சார் வந்தது. அந்தப் பழைய கேள்வி மட்டும் எங்கோ தவறிவிட்டது.

எங்கள் நண்பர் குழுவில் ஒருவரிடம் அப்படியொரு பழைய கார் இருக்கிறது. விழுப்புரத்தில் வாழும் எழுபத்தெட்டு வயதுத் தாயாரை மருத்துவத்துக்காக அடிக்கடி அவர் சென்னைக்கு அழைத்து வருவார். சித்திரை வெயிலில், திண்டிவனத்தில் காப்பி குடிக்க நிறுத்தினால் வண்டி மறுபடி கிளம்பாது. முக்கால் மணி நேரம் கழித்து, ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பும். ஒருமுறை கூட்டேரிப்பட்டுக்கு அருகே, நடுப்பகலில், அம்மையாரைப் புளியமர நிழலில் உட்காரவைத்துவிட்டு நாங்கள் சாலையைப் பார்த்து நின்றிருந்தோம். மூன்று பட்டறைகளில் காட்டியாயிற்று. மூன்றிலும் ஒரே பதில்: கோளாறு எதுவுமில்லை. நண்பரின் பேச்சையே ஐயுறும் நிலைக்கு வீட்டார் வந்துவிட்டனர்.

விழுப்புரத்தில் ஒரு முதிய மெக்கானிக்தான் வேறு விதமாகத் தொடங்கினார். வண்டியை ஆறவிடாமல், விசிறி சுழலும்வரை ஓடவிட்டு, பிறகு நிறுத்தி, பத்து நிமிடம் சும்மா இருந்தார். ஓடும்போது நீரோட்டமும் காற்றும் சூட்டை வாங்கிச் செல்கின்றன. நிறுத்தியதும் அந்தச் சூடு போக வழியின்றிப் பக்கத்துப் பாகங்களுக்கு ஏறுகிறது என்றார். அதன்பின் கிராங்க் சென்சாரில் மீட்டரை வைத்தார். முள் அசையவே இல்லை. உள்ளே கம்பி அறுந்திருந்தது; ஆனால் சூட்டில் மட்டும்.

காரணம் எளியது. இந்தச் சென்சார், காந்தத்தின் மேல் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பி. கிராங்கோடு சுழலும் பற்சக்கரத்துக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. 60 டிகிரி சூடேறினால், 100 மில்லிமீட்டர் அலுமினியம் சுமார் 0.14 மில்லிமீட்டர் வளரும்; வார்ப்பிரும்பு அதில் பாதிதான். எது எதை முந்துகிறது என்பதைப் பொறுத்து இடைவெளி கூடலாம், குறையலாம். சில பழைய வண்டிகளில் மெல்லிய தகடு வைத்து அதைத் திருத்தவும் முடியும். ஆனால் இந்த வண்டியில் வில்லன் இடைவெளியன்று. கம்பியைப் பொதிந்திருக்கும் பிசின் செம்பைவிடப் பன்மடங்கு விரிவது. மயிரிழை விரிசல் ஒன்று இருந்தால், சூட்டில் பிசின் அதை இழுத்துப் பிரிக்கும். ஆறியதும் இரு முனைகளும் மீண்டும் தொட்டுக்கொள்ளும். பட்டறைகள் சொன்னது பொய்யில்லை. ஆறிய சென்சாரிடம் கேட்டார்கள், அது ஆறிய பதிலைச் சொன்னது.

நலமான சென்சார்கூடச் சூட்டில் மாறவே செய்யும். செம்பின் மின்தடை 60 டிகிரிக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறும். பல கையேடுகள் தரும் எண்ணோ 20 டிகிரிக்கானது. சித்திரை மாத விழுப்புரத்தில் விடியற்காலையிலும் அவ்வளவு குளிர்ந்த எஞ்சின் கிடைக்காது.

புதிய சென்சாரைப் பொருத்திய பின், பெரியவர் அதன் மின்தடையை இரு முறை அளந்தார்: பொருத்திய கையோடு ஒரு முறை, விசிறி சுழன்று ஓய்ந்த பிறகு ஒரு முறை. இரு எண்களையும் ஒரு தாளில் எழுதி, எதிரே எந்த நிலையில் அளந்தது என்பதையும் குறித்து நண்பரிடம் தந்தார். அடுத்த முறை யார் பார்த்தாலும் இதைக் காட்டுங்கள் என்றார். அம்மையாரின் மருந்துச் சீட்டுகளோடு அந்தத் தாளும் இப்போது வண்டியின் டாஷ்போர்டில் இருக்கிறது.