விருந்துக்குப் பின்

விழா தொடங்குமுன் மண்டபத்தைக் காண்பார் பலர்; முடிந்தபின் காண்பார் மிகச் சிலர். வாயிலில் மாவிலைத் தோரணம் வாடித் தொங்கும். பெஞ்சுகள் நிலைமாறிக் கிடக்கும். தரையிற் சிந்திய பாயசத்தை எறும்புகள் நாடிவரும். ஆயினும் ஒரு கூட்டத்தின் உண்மை இயல்பை நாம் அறியுமிடம் அதுவே.

இதற்கு இலை ஒன்றே போதிய சான்றாகும். மங்கல விருந்தில் உண்டோர் இலையைத் தம் பக்கமாக மடிப்பர். துக்க வீட்டில் எதிர்ப்புறமாக மடிப்பர். இது நம்மவர் பலரும் கைக்கொள்ளும் வழக்கு. உறவு தொடர்க என்று வாய் சொல்லாததை இலை சொல்லிவிடுகின்றது. இங்ஙனம் இலையை மடிக்கக் கற்ற நாம், அதனை எடுப்பவர் யாவர் என எண்ணியதுண்டா?

உண்பது ஒருவர்க்கும் எச்சிலிலை எடுப்பது மற்றொருவர்க்கும் உரியதென நெடுங்காலம் விதித்திருந்தனர். பந்தியும் பிறப்பு நோக்கியே பிரிக்கப்பட்டது. வ. வே. சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனியே உணவளித்தமையால் 1924-25இல் எழுந்த கிளர்ச்சி தமிழ்நாட்டையே அசைத்தது. 1901இல் கல்கத்தாக் காங்கிரசில் கழிப்பிடங்களின் அசுத்தத்தைக் காந்தியடிகள் சுட்டிக்காட்ட, அது துப்புரவாளர் வேலை எனத் தொண்டர்கள் விலகினர். அவரோ துடைப்பம் கேட்டு வாங்கித் தாமே துப்புரவு செய்தார்.

நம் விடுதி விழாவில் இறுதிப் பந்தி எழுந்ததும் மாணவரே இலையெடுக்கும் முறையை நாம் மேற்கொண்டுள்ளோம். தொடக்கத்தில் சிலர் நாணினர். 'இதற்கென ஆட்கள் இருக்கின்றனரே' என்றனர் சிலர். கூடையுள் விழுந்தபின் எவ்விலை எவருடையதென்று கூற எவரால் இயலும்? அருகருகே அமர்ந்து உண்டபோதும் முழுதும் உணராத சமத்துவத்தை அக்கூடையருகே நாம் உணர்ந்தோம்.

இலைகளை எருக்குழியிற் கொட்டிக் கூடத்தைக் கழுவி முடிக்கையில் நள்ளிரவாகும். இறுதியாண்டு நண்பர் அமர்ந்திருந்த வரிசை ஈரத்தரையாய்க் கிடக்கும். மறு ஆண்டில் அவ்விடத்தில் வேறு முகங்கள் இருக்கும் என்னும் நினைவு வர, பேச்சு நின்றுவிடும். அத்துயரை எவரும் அறைக்குத் தனியே கொண்டு செல்வதில்லை. துடைப்பம் பிடித்த கைகள் யாவும் அதனைப் பங்கிட்டுக்கொள்ளும். விருந்து நட்பைத் தொடங்கலாம். விருந்தின் பின் ஒருங்கே செய்யும் வேலையே அதனை நிலைநிறுத்துவது.

பழைய மாணவ நண்பர்காள்! விழாவிற்கு வருங்கால், உண்டவுடன் விடைபெறாது சற்றே பின்தங்கி நில்லுங்கள். உங்கட்கும் ஒரு கூடை வைத்திருப்போம்.