அளவுக்கு மிஞ்சிய மஃப்ளர்

'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரின் நான்காவது டாக்டர் போட்டிருந்த கோடு போட்ட மஃப்ளரைக் கேட்டு என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் குள்ளமானவர்கள். அந்த வேடத்தில் நடித்த டாம் பேக்கர் 191 சென்டிமீட்டர் உயரம். அவருக்கே முழங்காலுக்குக் கீழே தொங்கிய சாமான் அது. ஐந்தடி ஆள் போட்டுக்கொண்டு லண்டன் சுரங்க ரயில் நிலையத்தில் எஸ்கலேட்டர் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. "எனக்குப் பொருந்துகிற மாதிரி சின்னதாக்கிக் கொடுங்கள்" என்பார்கள். செய்யலாம். ஆனால் கச்சிதமாகப் பொருந்திவிட்டால் அது வெறும் குளிர்கால மஃப்ளர். ஆள் சிறுத்தாலும் மிகை மிகையாகவே தெரிய வேண்டும். எனக்கு வேலையே அங்கேதான்.

அந்த மிகை வந்த விதமும் வேடிக்கையானது. 1974இல் உடை வடிவமைப்பாளர் ஜேம்ஸ் ஆச்சிசன், பல நிற உல்லன் நூலைத் தேவைக்கு மேலாகவே வாங்கி, பெகோனியா போப் என்ற பின்னல்காரரிடம் கொடுத்தனுப்பினார். அவரோ கொடுத்த நூல் அத்தனையையும் பின்னித் தீர்த்துவிட்டார். பேக்கருக்கு அது பிடித்துப்போயிற்று. அந்த ஆண்டு டிசம்பர் 28 அன்று ஒளிபரப்பான 'ரோபோ' கதையில் தொடங்கி 1981 வரை ஏதோ ஒரு நீள மஃப்ளர் அவர் கழுத்தை விட்டுப் போனது அபூர்வம். கடைசிப் பருவத்துக்கு ஜூன் ஹட்சன் அடர்சிவப்பில் வேறொன்று செய்தார். ஆச்சிசன் பின்னாளில் மூன்று ஆஸ்கர் வாங்கினார். என்னிடம் வருகிறவர்களுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. அவர்களைப் பொறுத்தவரை அவர் மஃப்ளர்காரர்.

ஆக, முதலில் நான் அளப்பது ஆளை. முதல் மஃப்ளரின் நீளம் பேக்கரின் உயரத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வருகிறவர் 150 சென்டிமீட்டர் என்றால் மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்கட்டும். ஒரு சுற்று கழுத்தில் போட்டு, இரண்டு முனைகளையும் முன்னால் விட்டு, கண்ணாடி முன் நிற்கச் சொல்வேன். முனை முழங்காலைத் தாண்ட வேண்டும், கணுக்காலைத் தொடக் கூடாது. அகலத்தை மறந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். குட்டையான கழுத்தில் முழு அகலத்தையும் சுற்றினால் மோவாய் காணாமல் போய், ஆள் கம்பளிக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கும்.

புதிதாகப் பின்னுவதென்றால் எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. கண்ணி, வரிசை எதையும் மாற்றாமல் நூலை மாற்றுவது. பிரிட்டனில் டிகே என்று விற்கிற நூலை 4 மில்லிமீட்டர் ஊசியில் போட்டால் பத்து சென்டிமீட்டருக்கு 22 கண்ணி வரும் என்று லேபிளிலேயே இருக்கும். அதைவிட மெல்லிய ஃபோர் பிளை நூலில், 3.25 ஊசியில், 28 கண்ணி. 22ஐ 28ஆல் வகுத்தால் 0.786. 150ஐ 191ஆல் வகுத்தாலும் கிட்டத்தட்ட அதேதான். அதே கணக்கில் பின்னினால் நீளம், அகலம், ஒவ்வொரு பட்டையும் ஒரே விகிதத்தில் தானாகச் சிறுத்துவிடும். சிக்கல் நிறத்தில். கடுகு மஞ்சள், துரு, ஒட்டக நிறம், பழுப்பேறிய பச்சை எல்லாம் கொஞ்சம் மங்கலாக இருந்தால்தான் முகம் வரும். ஒரே கம்பெனியின் மெல்லிய நூலில் மஃப்ளரின் ஏழு நிறமும் அப்படி அமைவது அரிது. பளிச்சென்ற மஞ்சள் ஒன்று நுழைந்தால் போதும், பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்குப் போட்டது மாதிரி ஆகிவிடும்.

நூல் கிடைக்காவிட்டால் வரிசைகளில்தான் கை வைக்க வேண்டும். மஃப்ளர் முழுக்க கார்ட்டர் பின்னல். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும், ஓரம் சுருளாது. இரண்டு வரிசை சேர்ந்தால்தான் ஒரு வரம்பு. நிறத்தை எப்போதும் ஒரே பக்கத்தில் மாற்றினால் அந்தப் பக்கத்தில் பட்டைகள் நேர்கோட்டில் பிரியும். ஒற்றைப்படையில் முடித்தால் அடுத்த மாற்றம் பின்பக்கம் விழுந்து, முன்பக்கத்தில் இரு நிறமும் புள்ளி புள்ளியாகக் கலந்து அசிங்கமாகத் தெரியும். எனவே எல்லாம் இரட்டைப்படை. 52 வரிசைப் பட்டையை உயர விகிதமான 0.785ஆல் பெருக்கினால் 40.8, 40 போடுகிறேன். 16 வரிசை 12.6, 12 போடுகிறேன். இரண்டிலுமாக ஒன்றரை வரிசை அளவுக்கு விட்டுப்போயிற்று. அடுத்து 22 வரிசைப் பட்டை 17.3 வரும்போது, விட்டதைச் சேர்த்து 18. மளிகைக் கடைக்காரர் சில்லறை பாக்கியை மனதில் வைத்துக்கொள்வது போலத்தான். இல்லாவிட்டால் கடைசியில் நீளம் எங்கேயோ போய் நிற்கும். 8 வரிசைப் பட்டையை 6க்குக் கீழே இறக்க மாட்டேன். அதற்கும் கீழே போனால் பட்டை இழையாகிவிடும்.

இதைவிடக் கடினம், ஏற்கெனவே பின்னி முடித்ததைக் குறைப்பது. அம்மா பின்னியது, பாட்டி பின்னியது என்று கொண்டுவருவார்கள். பிரித்துப் போட மனம் வராது. முனையில் வெட்டிவிடலாமே என்பார்கள். கூடவே கூடாது. மெல்லிய ஊதா, அதையொட்டி அகலமான ஒட்டக நிறம் என்று தொடங்குவதுதான் இந்த மஃப்ளரின் முகவரி. விசிறிகள் அங்கேதான் முதலில் பார்ப்பார்கள். எடுப்பதானால் பிடரியில் கிடக்கிற நடுப்பகுதியில் எடுக்க வேண்டும். அகலம் அப்படியேதான் இருக்கும். அதை நெடுக்கில் ஒரு மடிப்பு மடித்துச் சுற்றிச் சமாளிக்கலாம்.

எடுக்கப் போகும் பகுதியின் இரு எல்லையிலும், மிஞ்சப் போகும் கண்ணிகளை முதலில் மெல்லிய ஊசியில் கோத்துக்கொள்வேன். அதற்குப் பிறகுதான் கத்தரி. வரிசையின் நடுவில் ஒரே ஒரு கண்ணியை நறுக்கி, இரு பக்கமாகவும் நூலை உருவினால் மஃப்ளர் இரண்டாகிவிடும். கீழ்த்துண்டில் 60 கண்ணி இருந்தால் மேல்துண்டில் 59தான் எண்ண முடியும். பதற வேண்டாம். கண்ணிகளுக்கு இடையிலிருந்த வளைவுகளை இப்போது பிடித்திருக்கிறோம். மீதி இரண்டு அரைகளாக ஓரங்களில் இருக்கும். மொட்டை ஊசியில் நூலைக் கோத்து, மேலும் கீழுமாகக் கண்ணிக்குக் கண்ணி ஓட்டி, இடையில் ஒரு வரிசையைக் கையாலேயே உண்டாக்க வேண்டும். நூலை அக்கம்பக்கத்துக் கண்ணியைப் பார்த்து இழுக்க வேண்டும். இறுக்கினால் பிடரியில் கயிறு கட்டியது போல் தெரியும். அந்த ஒரு வரிசை எந்த நிறத்தில் வரும், எந்தப் பக்கம் மேடாக விழும் என்பதை வெட்டுமுன் தாளில் எழுதிக்கொள்கிறேன்.

முனைக் குஞ்சங்களையும் குட்டையாக்க வேண்டும். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். சிறிய மஃப்ளரில் பழைய குஞ்சம் திரைச்சீலை மாதிரி ஆடும். பிறகு ஓர் இரவு தொங்கவிட்டு மறுபடி அளக்கிறேன். தன் எடையிலேயே இழுபட்டு வளர்கிற பின்னல் இது. கொண்டுபோகிறவரிடம், ஹேங்கரில் மாட்டாதீர்கள், மடித்து வையுங்கள் என்பேன்.

மஃப்ளரின் நீளம் குறைந்தாலும் பரவாயில்லை, தோரணை குறையக் கூடாது என்பதற்கு அந்தத் தொடரிலேயே சான்று உண்டு. 1979இல் வந்த 'டெஸ்டினி ஆஃப் தி டாலெக்ஸ்' கதையில் டாக்டரின் பயணத் துணையான ரோமானாவாக நடித்த லல்லா வார்டு, இளஞ்சிவப்பு நீளக் கோட்டும் நீளமான வெள்ளை மஃப்ளருமாக வந்தார். டாக்டரின் உடையையே தன் உருவத்துக்கு மாற்றிக்கொண்ட மாதிரி. நிறமே வேறு, ஆனாலும் பார்த்தவுடன் யாருடைய சாயல் என்று தெரிந்துவிடும். 2013இல் தொடரின் ஐம்பதாம் ஆண்டுக் கதையில் ஆஸ்குட் என்ற பெண் பாத்திரம் கோடு போட்ட மஃப்ளரோடு வந்த பிறகு பெண்கள் கேட்பது சகஜமாகிவிட்டது.

குழந்தைகளுக்கு மட்டும் என் கணக்கு வேறு. எட்டு வயதுப் பிள்ளைக்கு நீளமாகப் பின்னினால் ஊஞ்சலிலோ சைக்கிள் சக்கரத்திலோ மாட்டும். அவர்களுக்குப் பிடரியில் இரண்டு துண்டாகவே முடித்து, பட்டையாக வெல்க்ரோ வைத்துத் தைக்கிறேன். எங்காவது சிக்கினால் பட்டென்று பிரிந்து வந்துவிடும். வெல்க்ரோவின் சொரசொரப்புப் பக்கம் கழுத்தில் படாமல் வெளிப்பார்வையாக இருக்க வேண்டும். கொக்கி உல்லனில் ஒட்டிப் பிய்க்காமலிருக்க, துவைக்கும்போது மூடி வைக்கச் சொல்கிறேன்.