டிரைவ்-இன்ல சந்திப்போம்!

2004. கடைசி பரீட்சை முடிஞ்ச மதியம். கதீட்ரல் ரோடு உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்ல உட்கார்ந்து, 'யார் எங்கே வேலை பார்த்தாலும் சந்திப்பு இங்கேதான்'னு சத்தியம் பண்ணுச்சு எங்க எம்.பி.ஏ. கோஷ்டி. 1962-ல் திறந்த அந்த ஹோட்டலை 2008-ல் மூடிட்டாங்க. 2010-லிருந்து அங்கே செம்மொழிப் பூங்கா. அதனால, நானே வீடு வீடா கிளம்பிட்டேன்.

தி.நகர் நண்பன், கேம்பஸ்ல கிடைச்ச வேலையை விட்டுட்டு அப்பாவோட பாத்திரக் கடையில. 2006-ல் ஐ.ஐ.எம். அகமதாபாத் முடிச்ச மடிப்பாக்கம் சரத்பாபு, வேலைக்குப் போகாம கேட்டரிங் ஆரம்பிச்சது பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. இவனுக்கு? 'கல்லாவில் உட்காரவா படிக்க வெச்சேன்?'னு பக்கத்துலயே உட்கார்ந்துக்கிட்டு ரெண்டு வருஷம் பேசலையாம் அப்பா!

அடையாறு தோழி, பேங்க் மேனேஜர். ரெட்டைப் பசங்க. ஹால் முழுக்க கிரிக்கெட் பேட்.

மயிலாப்பூர்ல எங்க கோல்டு மெடலிஸ்ட். கபாலி கோயில் குளத்துக்குப் பக்கத்துத் தெரு. சிங்கப்பூர் வேலையை விட்டுட்டு, மறதி நோய் வந்த அம்மாவோட இருக்கா. ''இப்ப எங்கேடி வொர்க் பண்றே?''னு கேட்டுட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். சிரிச்சுட்டே காபி போடப் போனா.

அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ''என் பொண்ணோட படிச்சவளா நீ? அவ சிங்கப்பூர்ல பெரிய வேலையில இருக்கா. லீவே கிடைக்காது, பாவம்!''

டபராவோட பின்னாடி வந்து நின்னவ சொன்னா... ''அடுத்த மாசம் வர்றாளாம்மா!''