படிக்கிறவர்களின் பசி

சில படைப்புகளைப் பற்றி எழுத உட்காரும்போதே ஒரு தயக்கம் வந்துவிடுகிறது. 'ஜேகே மெஷி' அப்படிப்பட்ட ஒன்று. 2015 அக்டோபரில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கிய குறுந்தொடர். ஒவ்வொரு பகுதியும் சில நிமிடங்கள்தான். மேல்நிலைப் பள்ளி மாணவிகள் சேர்ந்து படிக்க உட்காருகிறார்கள்; படிப்பு ஓடவில்லை; பசிக்கிறது; கைக்கெட்டிய பொருட்களைக் கொண்டு எளிதாக ஒரு தின்பண்டம் செய்து சாப்பிடுகிறார்கள். கதை அவ்வளவே. மியாசாகியின் படங்களை விவாதிக்கும் நண்பர்கள் நடுவே இதைப் பற்றி எழுதுவது கச்சேரி மேடையில் ஏறித் தாலாட்டுப் பாடுவதைப் போன்றதுதான். ஆனாலும் சென்ற மாதம் ஓர் இரவு, இத்தொடரின் முன் நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தலைப்பிலேயே ஒரு குறும்பு இருக்கிறது. 'ஜோஷி கோசேய்' என்றால் மேல்நிலைப் பள்ளி மாணவி. அதன் முதலெழுத்துகளே ஜேகே. 'மெஷி' என்றால் சோறு. ஆனால் அது சற்று முரட்டுச் சொல், ஆண்கள் பேச்சில் அதிகம் புழங்குவது. நயமாகச் சொல்வதென்றால் 'கோஹான்' என்பார்கள். சீருடை அணிந்த பெண்பிள்ளைகளின் பக்கத்தில் அந்த முரட்டுச் சொல்லை வைத்ததும் பசி தன் உண்மையான குரலில் பேசத் தொடங்கிவிடுகிறது.

படத்தின் ஏழ்மையை அது மறைக்க முயல்வதில்லை. உருவங்கள் அதிகம் அசைவதில்லை. வாய் மட்டும் திறந்து மூடுகிறது. இந்தச் சிக்கனத்துக்கு ஜப்பானில் நீண்ட வரலாறு உண்டு. 1963 ஜனவரி 1 அன்று ஒஸாமு தெஸுகாவின் 'தெத்சுவான் அடோமு' தொலைக்காட்சிக்கு வந்தது. வாரம் ஒரு அரைமணி நேரப் பகுதி என்பது அன்றைக்கு நடக்காத காரியமாகவே கருதப்பட்டது. ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும் திரையில், ஒரே ஓவியத்தை மூன்று சட்டகங்களுக்கு நிறுத்திவைத்தால் நொடிக்கு எட்டு ஓவியங்கள் போதும். ஒருமுறை வரைந்த நடையை மறுபடியும் பயன்படுத்தலாம். அசையாத ஓவியத்தின் மீது கேமராவை நகர்த்தலாம். இல்லாமையைச் சமாளிக்கச் செய்த இந்த உத்திகளே பிறகு ஒரு கலையின் இலக்கணமாயின. வீட்டில் இருப்பதை வைத்து ஒப்பேற்றும் சமையலைப் பற்றிய தொடர், இருக்கும் ஓவியங்களை வைத்து ஒப்பேற்றியே எடுக்கப்பட்டிருக்கிறது. இதில் ஒரு நேர்மை இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

படிக்கிறவர்கள் இரவில் சாப்பிடுவதற்கு ஜப்பானியர்கள் ஒரு தனிச்சொல் வைத்திருக்கிறார்கள்: 'யஷொகு'. இரவுணவு முடிந்து வெகுநேரம் கழித்து உண்ணும் சிறு உணவு. ஒனிகிரி என்னும் சோற்றுருண்டையாக இருக்கலாம். சோற்றின் மீது சூடான தேநீரை ஊற்றிய ஒசாசுகேயாக இருக்கலாம். ஒன்றுமில்லையென்றால் உடனடி நூடுல்ஸ். பல்கலைக்கழகங்களுக்கான நாடுதழுவிய நுழைவுத் தேர்வு ஜனவரியின் கடுங்குளிரில் நடக்கிறது. 1990 முதல் 2020 வரை ஒரு பெயரில் நடந்தது, 2021 முதல் வேறு பெயரில் நடக்கிறது, குளிர் அதேதான். நான்கு மணிநேரம் தூங்கினால் தேர்ச்சி, ஐந்து மணிநேரம் தூங்கினால் தோல்வி என்று அங்கே ஒரு வழக்கு உண்டு. அப்படிப்பட்ட இரவுகளில் யாரோ கதவைத் தட்டி ஒரு கிண்ணத்தை வைத்துவிட்டுப் போவது அந்நாட்டுக் கதைகளிலும் படங்களிலும் திரும்பத் திரும்ப வரும் காட்சி. அந்த யாரோ பெரும்பாலும் அம்மா.

என் வீட்டில் அது அக்கா.

1986இல் நான் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. இரவு பதினொரு மணிக்கு, மீந்த சோற்றில் பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் விட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்துத் தட்டில் கொண்டுவருவாள். நான் சாப்பிடும்போது என் கணக்கு நோட்டைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வாள். ஒருநாள், "தம்பி, மூணாவது வரியில குறி மாறிப் போச்சு பாரு" என்றாள். பார்த்தேன். சரிதான். அழித்துத் திருத்தினேன். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தக் கணக்கு அவள் படித்த வகுப்பில் இல்லாதது என்பது எனக்கு அன்று தோன்றவே இல்லை.

சென்ற மாதம் அக்கா வந்திருந்தபோது இருவருமாக இத்தொடரைப் பார்த்தோம். ஆங்கிலத் துணையெழுத்துகளை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். இரண்டு பகுதிகள் முடிந்ததும் கேட்டாள்: "இந்தப் பிள்ளைகளுக்கு யாரு சமைச்சுக் குடுக்குறா?"

"அவங்களேதான்க்கா செஞ்சுக்குறாங்க."

சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "படிக்கிறதும் அவங்களேதானா?" என்றாள்.

இதே தொடரை நான் முன்பே தனியாகப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். சமைக்கிற கையும் புத்தகம் பிடிக்கிற கையும் ஒன்றாக இருப்பதை நான் கவனித்ததே இல்லை. அது அக்காவின் கண்ணுக்கு மட்டுமே தெரிந்தது.

ஜப்பானை இதற்காகத் தூக்கிப்பிடிக்க வேண்டியதில்லை. அங்கும் மேல்நிலைப் பள்ளிகளில் மனையியல் பாடம் 1973 முதல் மாணவிகளுக்கு மட்டுமே கட்டாயமாக இருந்தது. 1994இல்தான் பையன்களுக்கும் கட்டாயமாயிற்று. டோக்கியோ மருத்துவப் பல்கலைக்கழகம் நுழைவுத் தேர்வில் பெண்களின் மதிப்பெண்களைத் திட்டமிட்டுக் குறைத்துவந்தது 2018இல் அம்பலமானது. குளிரில் கண்விழித்துப் படித்த எத்தனையோ பெண்கள், தாங்கள் ஏன் தோற்றோம் என்று தெரியாமலே தங்களை நொந்துகொண்டிருந்திருப்பார்கள். ஜேகே என்ற இரண்டெழுத்தை வைத்து அங்கே நடக்கும் வியாபாரங்களும் அழகானவை அல்ல. இத்தொடர் இவை எதையும் பேசுவதில்லை. பேசும் எண்ணமும் அதற்கு இல்லை. ஆனால் படிப்பு வராத பெண்பிள்ளைகளும் பரீட்சைக்கு உட்காரலாம், நடுவில் எழுந்து போய்த் தங்களுக்காகவே எதையாவது கிளறிக்கொள்ளலாம், வயிறு நிறைந்தபின் திரும்பி வரும்போது புத்தகம் விட்ட இடத்திலேயே திறந்திருக்கும் என்பதை மிகச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறது. அந்தச் சாதாரணம் எத்தனை பேருக்குக் கிடைக்காமல் போயிற்று என்பதை நினைத்துக்கொண்டேன்.

அக்காவிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருக்கிறேன். அந்த இரவுகளில் என் மீது அவளுக்குக் கோபம் இருந்ததா என்று. அன்றும் வாய் வரை வந்தது. அதற்குள் திரையில் அடுப்பு பற்றவைக்கும் ஓசை கேட்டது. அசையாத ஓவியம்தான், ஓசை மட்டும் உண்மையாக இருந்தது.

"அடுத்ததப் போடு தம்பி" என்றாள் அக்கா. போட்டேன்.